வைரஸுக்கு விதியில் இடமில்லை

2016 ஒலிம்பிக்கைக் கேட்டு வாங்கியபோது ரியோ டி ஜனேரோ கொடுத்த வாக்கு: குவானபாரா விரிகுடாவில் கலக்கும் கழிவுநீரில் 80 விழுக்காடு சுத்திகரிக்கப்படும். ஆண்டு வந்தது, போட்டிக்குப் பாய்மரப் படகுகளும் வந்தன. சாக்கடையும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. எனவே சின்னச் சின்னப் படகுகளை இறக்கி, மிதந்த பாட்டிலையும் பிளாஸ்டிக் பையையும் அள்ளினார்கள். கண்ணுக்குத் தெரிந்தது மறைந்தால் போதாதா?

விரிகுடா நீரைச் சோதித்த அதிகாரிகள் பாக்டீரியாவை மட்டும் எண்ணினார்கள். சட்டம் கேட்டது அதைத்தான். 2015-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வைரஸையும் தேடச் செய்தது. தாராளமாகக் கிடைத்தது. தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, காய்ச்சலே இல்லை என்று சான்றிதழ் எழுதுகிற சாமர்த்தியம் எல்லா ஊரிலும் உண்டுபோலும். பதக்கங்களெல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. சாக்கடைக்குக் குழாய் போடும் வேலைதான் பாக்கி நின்றது.