கோழிக்கு நோன்பு இல்லை

ஈஸ்டர் முட்டைக்கு வீட்டிலேயே இயற்கைச் சாயம் ஏற்ற வேண்டும் என்பவர்கள் முதலில் எடுத்து வீசும் காரணம் உடல்நலம். அது நொண்டிக் காரணம். முட்டை ஓட்டை யாரும் தின்பதில்லை. கடையில் விற்கும் கலர்ப் பொட்டலமும் பெரும்பாலும் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட நிறங்கள்தான். இயற்கைச் சாயத்துக்கு உண்மையான நியாயம் ஒன்றே ஒன்று: சிக்கனம். குப்பைக்குப் போக இருந்ததைப் பானையில் போட்டு நிறம் எடுத்தால் அது கெட்டிக்காரத்தனம். சாயத்துக்கென்றே காய்கறி வாங்கி, கொதிக்கவைத்து, வடிகட்டி, சக்கையைக் கொட்டினால் அது இயற்கையின் பெயரில் செய்யும் ஊதாரித்தனம்.

வரலாறும் என் பக்கம்தான். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டைக்கும் தடை இருந்தது. மனிதர்கள் நோன்பிருந்தார்கள், கோழிகளுக்கு யாரும் மறையுரை ஆற்றவில்லை. பகல் நீள நீள அவை முன்னிலும் மும்முரமாக முட்டையிட்டன. ஈஸ்டர் வரும்போது வீட்டில் முட்டை குவிந்திருக்கும். குளிர்காலம் முழுக்க உரித்த வெங்காயத்தின் சருகும் இருக்கும். இரண்டையும் ஒரே பானையில் போட ஞானோதயம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. லாத்வியாவிலும் லிதுவேனியாவிலும் முட்டை மேல் சிறு இலையை ஒட்டி, வெங்காயச் சருகைச் சுற்றி, துணியால் இறுகக் கட்டி வேகவைக்கிறார்கள். அவிழ்த்தால் செம்பழுப்பு ஓட்டில் இலையின் அச்சு வெளிறித் தெரியும். வட இங்கிலாந்திலும் வெங்காயச் சருகுதான் பழைய வழக்கம். ஆனால் 1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் கணக்கில் ஈஸ்டருக்காக 450 முட்டைகள், 18 பென்ஸ் என்று பதிவாகியிருக்கிறது. அவற்றுக்கு வண்ணமும் பொன் ரேக்கும் பூசிப் பரிசளித்தார்கள். பொன்னும் ரசாயனம் கலவாத இயற்கைப் பொருள்தான். அதனால் அது சிக்கனமாகிவிடுமா?

பொருள்களின் குணமும் இதையே சொல்கிறது. வெங்காயச் சருகு அதிகம் உபசாரம் கேட்பதில்லை. கூடவே வேகவைத்தால் போதும், நிறம் பிடித்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய பீட்ரூட்டோ கையில், வெட்டும் பலகையில், சட்டையில் எல்லாம் அழியாமல் ஒட்டிவிட்டு, முட்டைக்கு வரும்போது மட்டும் தயங்கும். அதன் நிறமி சூட்டைத் தாங்காது; கொதித்தால் பழுப்படிக்கும். ஊதா முட்டைகோஸின் கதை இன்னும் வேடிக்கை. கொதித்த நீர் ஊதா, வினிகர் விட்டால் இளஞ்சிவப்பு, உள்ளே கிடந்த முட்டையோ நீலம்! ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் தன்னைத் தொடும் அமிலத்தை முறித்துவிடுவதால், அந்த இடத்தில் நிறமி நீலத்துக்கு மாறிவிடுகிறது.

‘நீலத்துக்காகவாவது கோஸ் வாங்கித்தானே ஆக வேண்டும்?’ என்று கேட்பார்கள். வாங்குங்கள், சமைத்துச் சாப்பிடுங்கள். கழித்துப்போடும் வெளி இலைகளே சாயத்துக்குப் போதும். கிரேக்கர்களின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பெரிய வியாழனன்று அவர்கள் ஏற்றும் சிவப்பு கிறிஸ்துவின் இரத்தத்தைக் குறிப்பது. அங்கே போய் ‘செங்கல் நிறத்தோடு திருப்திப்படுங்கள்’ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர்கள் சிவப்புப் பொடி வாங்கட்டும். பளிச்சென்ற பச்சைக்கும் ரோஸுக்கும் அடம்பிடிக்கும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் பொட்டலமே மலிவு; அதை வாங்குவதில் பாவம் ஒன்றுமில்லை.

எனக்குப் பதில் தெரியாத ஆட்சேபம் ஒன்றுதான். பிரிட்டனில் பல ஆண்டுகளாகக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பழுப்பு முட்டை. அதை வெங்காயச் சருகில் அரை மணி நேரம் வேகவைத்து இன்னும் கொஞ்சம் பழுப்பாக்குவானேன், கோழியே சாயம் ஏற்றித்தானே கொடுத்திருக்கிறது, எரிவாயுவாவது மிச்சமாகட்டுமே என்று ஒருவர் கேட்டால், அவரை எதிர்க்கட்சியில் சேர்க்க முடியாது. என் கட்சிக்கு அவர்தான் தலைவராக இருக்க வேண்டும்.