தொட்டிக் கடலுக்கு மூச்சு முட்டுது

வாய்யா பேராண்டி, உக்காரு. சிங்கப்பூர்ல வீடு வாங்கி, பதினாலாவது மாடியில மூணடிக் கண்ணாடித் தொட்டிக்குள்ள கடலையே குடிவச்சிருக்கியே, நம்ம வம்சத்துல எவனுக்கு இந்தத் துணிச்சல் வந்துச்சு? சாயல்குடிப் பக்கம் எங்க அப்பன் கரையோரத்துலயே ஆயுசைக் கழிச்சாரு. ஒருநாளும் கடலுக்கு வெளக்குப் போட்டதில்ல, பக்கத்துல குந்தி நாடி புடிச்சதில்ல. வெவரம் பத்தாத மனுசன்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். விடியக்காலம் எந்திரிச்சு, பல்லுகூட வெளக்காம, தொட்டிக்கிட்ட குத்தவச்சு அந்த பி.எச். கருவியைப் பாக்குறியே, அதென்ன விரதம்? காலையில 7.8னு காட்டுனா மொகம் செத்துப்போவுது. சாயங்காலம் 8.2னு காட்டுனா பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டு வர்ற. பாவம் அந்தப் புள்ள, தன் மேல உள்ள ஆசையிலதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கு.

இந்த அளவைக் கொண்டுவந்தவரு சோரன்சன்னு ஒரு டென்மார்க்காரராம், 1909ல. உன் மவன்தான் போன்ல பாத்துப் படிச்சுக் காட்டுனான். எங்க உக்காந்து கண்டுபுடிச்சாரு தெரியுமா? கோபன்ஹேகன்ல, கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி ஆய்வுக்கூடத்துல. பீர் காய்ச்சுற எடத்துல பொறந்த அளவை வச்சுக்கிட்டு நீ பச்சத்தண்ணி குடிக்காமத் தவம் கெடக்குற. சரி, போகட்டும்.

அந்த எண்ணு ஏன் ஏறி இறங்குதுன்னு கேளு. வெளக்கு எரியறப்ப பவளத்தோட உடம்புக்குள்ள குடியிருக்கிற பாசி, தண்ணியில இருக்கிற கார்பன் டை ஆக்சைடைத் திங்குது. பி.எச். ஏறுது. வெளக்கை அணைச்சா தீனி நிக்குது, ஆனா மூச்சு நிக்குமா? பவளம், மீனு, நத்தை, கண்ணுக்குத் தெரியாத கிருமி எல்லாம் ராவெல்லாம் மூச்சு விட்டுக்கிட்டே கெடக்கும். அதுல வர்ற கார்பன் டை ஆக்சைடு தண்ணியில கரைஞ்சு அமிலமாவுது, பி.எச். இறங்குது. மறுநா வெளக்குப் போடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பி.எச். அடிமட்டத்துல நிக்கும். நீ தேடிப்போயி பாக்குறது அந்த நேரத்தைத்தான்! சாயங்காலம் பாக்குறது பத்தாதா?

பெருங்கடல்ல மேல்தண்ணி 8.1 வாக்குல இருக்கும். தொட்டியில 7.8க்கும் 8.4க்கும் நடுவுல ஏறி இறங்குனா பவளம் கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிறாது. ராப்பகலா 7.8க்குக் கீழயே கெடந்தா வளத்தி மந்தப்படும், அது நெசம்.

நீ என்ன பண்ணுனே? பி.எச். ஏத்துற குப்பியை வாங்கி ரெண்டு மூடி ஊத்துனே. ரெண்டு மணி நேரம் ஏறுச்சு. இறங்குச்சு. மறுபடி ஊத்துனே. பி.எச். நின்ன எடத்துல நிக்குது, ஆல்கலினிட்டிதான், அதாவது அமிலத்தைத் தாங்குற சக்திதான், ஏணி போட்டு ஏறிருச்சு. கடல்ல அது டிகேஎச்ங்கிற அளவுல 7 பக்கம். தொட்டிக்காரங்க 7க்கும் 11க்கும் நடுவுல வச்சுக்குவாங்க. உன்னுது 13. பம்பு மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கே, என்னன்னு தொட்டுப் பாத்தியா? தண்ணியில இருந்த கால்சியமும் கார்பனேட்டும் சேந்து கல்லாப்போயி ஒட்டியிருக்கு. பவளம் வீடு கட்ட வேண்டிய கல்லை எடுத்து பம்புக்கு வீடு கட்டிக் கொடுத்துட்டே. புண்ணியவான்.

குத்தம் தொட்டியில இல்லடா, படுக்கையறையில இருக்கு. கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கிட்டு நாலு பேரு தூங்குறீங்க. ஏசி குளிர வைக்குமே தவிர வெளிக்காத்தைக் கொண்டாராது. உள்ள இருக்கிறதையே திருப்பித் திருப்பி ஊதும். வெளிக்காத்துல கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 420 பங்கு சொச்சம். பூட்டுன அறையில விடிய விடிய நாலு பேரு மூச்சு விட்டா ஆயிரத்தைச் சாதாரணமாத் தாண்டிரும். அழுக்கை நுரையா எடுக்குற உன் ஸ்கிம்மர் அந்தக் காத்தைத்தான் இழுத்து இழுத்துத் தண்ணியில கலக்குது. நான் வந்ததுல இருந்து பி.எச். இன்னும் கொறையுதுன்னு ஒருமாதிரியா என்னைப் பாக்குறே. மூச்சு விடுறதை நிறுத்தணும்னா சொல்லு, யோசிப்போம்.

நம்பலைன்னா ஒரு சொம்புத் தண்ணியை மொண்டு வெளி வராந்தாவுல வச்சு, காத்துக்கல்லைப் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விடு. ஏறுச்சுன்னா தண்ணியில கார்பன் டை ஆக்சைடு கூடிக்கெடக்கு, மொதச் சந்தேகம் உன் அறைக் காத்து மேலதான். ஏறலைன்னா கருவியைச் சந்தேகப்படு. அந்தக் கருவிக் கோலைக் கடைசியா எப்ப பி.எச். 7, 10 கரைசல்ல முக்கித் திருத்துனே? சும்மா கேட்டேன், முழிக்காதே.

வைத்தியம் பெரிசில்ல. சன்னலைத் தொறந்து, ஸ்கிம்மர் காத்துக்குழாயை நீட்டி வெளிய விடு. அது ஆவலைன்னா கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுற சோடா லைம் நெரப்புன டப்பா வழியாக் காத்தை இழுக்க வை. கீழ்த்தொட்டியில பாசி வளத்து, மேல வெளக்கு அணையறப்ப அங்க எரிய விடு. ஆப்பசோடாவைக் கொட்டிராதே, அது பி.எச்.சை ஏத்தாது.

இதுக்கும் மேல வேணும்னா சுண்ணாம்பு இருக்கு. நம்மூர்ப் பனையேறிக்கு இந்த வித்தை அத்துபடி. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டுனா விடியக்காலம் பதநீ. தடவாம விட்டா கள்ளு. புளிக்க விடாமப் புடிச்சு நிறுத்துறது அதுதான். நீ 'கால்க்வாசர்'னு டப்பாவுல வாங்கி வச்சு, பயந்துக்கிட்டு இன்னும் பிரிக்காம இருக்கியே, அதுக்குள்ள இருக்கிறதும் அதே சரக்கு, கால்சியம் ஹைட்ராக்சைடு. தண்ணியில இருக்கிற கார்பன் டை ஆக்சைடையும் புடிச்சுக்கும், கால்சியமும் ஆல்கலினிட்டியும் சேத்துக் கொடுக்கும். அதனால இப்பத் தொடாதே, 13 ஒம்பதுக்கு இறங்கட்டும். அப்புறம் ஆர்.ஓ. தண்ணி ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிராம். அதுக்கு மேல போட்டாலும் பெருசாக் கரையாது. தெளிய விட்டு, தெளிஞ்சதை மட்டும் எடு. மேல ஆடை கட்டுனா காத்து பட்டுப்போச்சுன்னு அர்த்தம். பகல்ல எவ்வளவு தண்ணி ஆவியாச்சோ அவ்வளவுதான், அதுவும் ராத்திரியில சொட்டுச் சொட்டா. அவசரப்பட்டுக் கவுத்தே, 12க்கு மேல பி.எச். உள்ள தண்ணி ஒரே நாள்ல உன் கடலைக் காலி பண்ணிரும். கையில பட்டாலும் அரிக்கும். என் வெத்திலப் பொட்டியில இருக்கிற சுண்ணாம்புல கைய வச்சே, தொலைச்சுப்புடுவேன். அதுல என்னென்ன கலந்திருக்கோ, எனக்கே தெரியாது.

ஒரு கூத்து சொல்றேன் கேளு. மன்னார் வளைகுடாவுல ஒரு காலத்துல பவளப்பாறையை வெட்டிக் கொண்டாந்து காளவாசல்ல சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குனாங்க. இன்னிக்கு நீ சுண்ணாம்பை வெலைக்கு வாங்கிப் பவளம் வளக்கப் பாக்குறே. அந்தப் பவளத்தை 2001லயே வனவிலங்குச் சட்டத்துல புலி, யானையோட முதல் அட்டவணையில சேத்துட்டாங்க. ஊருக்கு வர்றப்ப மண்டபம் கரையில அழகா ஒரு கல்லு கெடக்குதேன்னு பையில போட்டுக்காதே. அப்படியே போட்டுக்கிட்டு ஏர்போர்ட்ல மாட்டுனாலும், தாத்தன் சொன்னாருன்னு என் பேரை இழுக்காதே. நான் சன்னலைத் தொறன்னு மட்டுந்தான் சொன்னேன்.