சீஸ்கேக்: தொகைநிலை ஆராய்ச்சி

முதற்கண் வரையறை. சீஸ்கேக் என்பது கேக் அன்று. பாலாடைக்கட்டியும் முட்டையும் சர்க்கரையும் கூடி இறுகிய ஒரு பதம், அவ்வளவே. இதைக் கேட்ட உம்மா, "அப்ப அது கருப்பட்டியும் தேங்காப்பாலும் போட மறந்த வட்டலப்பம்தானே வாப்பா" என்று முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டார். தீர்ப்புக்குப் பின் விசாரணை நடத்துவது கல்விப்புலத்துக்குப் புதிதல்ல என்பதால் எங்கள் ஊரான புதுமடத்தில் ஆய்வு தொடர்ந்தது.

வரலாறு சுருக்கமாக. கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே ரோமாபுரிக் கேட்டோ தம் வேளாண்மை நூலில் பாலாடைக்கட்டி, மாவு, முட்டை, தேன் சேர்த்துச் சுடும் பண்டத்துக்குச் செய்முறை எழுதிவைத்தார். இன்றைய கிரீம் சீஸ் 1870களில் நியூயார்க் மாநிலத்துச் செஸ்டர் ஊரில் பிறந்தது. 1880இல் அதற்கு இட்ட பெயரோ பிலடெல்பியா. எங்கோ கிண்டியதைக் கீழக்கரைத் தொதல் என்று விற்பவர்கள் மனம் தளர வேண்டாம், முன்னோடி உண்டு.

இனி களப்பணி. ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரி. ஆய்வறம் கருதிப் பெயர் மறைக்கப்படுகிறது. கேட்டதும் வந்தது வெள்ளைக் கிரீம் கேக், அதன் தலையில் துருவிய சீஸ். வியந்து பார்த்தேன். "சீஸும் இருக்கு, கேக்கும் இருக்கு, வேற என்ன சார் வேணும்?" மறுக்க வழியில்லை. சீஸ்கேக் என்பதை நான் வேற்றுமைத்தொகை என்று எண்ணிப் போயிருந்தேன், சீஸால் ஆன கேக் என்று. அவர்கள் அதை உம்மைத்தொகையாகக் கொண்டிருக்கிறார்கள். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது; பில்லும் தந்தார்கள்.

அடுத்து மதுரை. குளிரூட்டிய கடையில் உண்மையான பொருளே கிடைத்தது. உம்மாவுக்கு என்று ஒரு துண்டு பார்சல் கட்டினேன். பரமக்குடியில் சாய்ந்தது, ராமநாதபுரத்தில் படுத்தது, உச்சிப்புளியில் இறங்கியபோது குடிக்கும் நிலையில் இருந்தது. காரணம், முட்டைக்குப் பதிலாக அதை உறையவைத்திருந்த ஜெலட்டின். நம் உடம்புச் சூட்டுக்கும் குறைந்த வெப்பத்திலேயே அது உருகிவிடும். சித்திரை மாதப் பேருந்து அதற்கு அடுப்பு. அது எந்தப் பிராணியின் எலும்பில் எடுத்தது என்று மச்சான் வேறு தனியாக ஒரு விசாரணை தொடங்கினார். ஹலால் பிரச்சினை இப்படித்தான் ஆய்வின் போக்கை மாற்றியது.

ஏனெனில் விடை கடலில் கிடந்தது. மன்னார் வளைகுடாவில் எங்கள் பகுதிப் பெண்கள் முக்குளித்துப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். நோன்பு திறக்கப் பாலில் காய்ச்சி ஊற்றும் அதே கடற்பாசிதான். 40 பாகைக்குக் கீழே உறையும். உறைந்தபின் 85 பாகை வரை அசையாது. சித்திரை தோற்றது.

வீட்டுச் சோதனைக்குக் கெட்டித் தயிரை வேட்டித் துணியில் முடிந்து இரவு முழுக்கக் குழாயில் தொங்கவிட்டேன். அடியில் நொறுக்கிய மாரி பிஸ்கட்டும் வெண்ணெயும். காய்ச்சிய கடற்பாசியைச் சில்லென்ற தயிரில் ஊற்றியதும் அது ஜவ்வரிசியாகத் திரண்டது: முதல் தோல்வி. மறுமுறை தயிரின் குளிர்ச்சி போகும்வரை காத்திருந்து கலந்தேன். பகல் இரண்டு மணி, கரண்டும் இல்லை, துண்டு நிமிர்ந்து நின்றது. சற்று அதிகமாகவே நின்றது. கரண்டி பட்டால் வழுவழுவென்று இறங்காமல் பொட்டென்று உடைந்தது. இதைக் குறையாகப் பதிவு செய்கிறேன்.

வெளி மதிப்பீட்டுக்காகப் பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்பினேன். எங்கள் தெருவில் தட்டு வெறுமையாகத் திரும்பாது. நாலு துண்டு தொதலோடு வந்தது. கொண்டுவந்த சின்னப்பிள்ளை வாசலிலேயே நின்று ஒப்பித்தது:

"கடப்பாசி நல்லாருந்துச்சாம். ஏன் புளிச்சுப்போச்சுன்னு உம்மா கேக்கச் சொன்னாங்க."