ஏறினதும் ஏத்தினதும்

ஆயி, அந்த நோட்டை இஞ்ச கொண்டா. அரை மணியா பால்கனியில நின்னுக்கிட்டு "எ, எ, எ"ன்னு முனகுற. கீழ்வீட்டு மாமி ரெண்டு தரம் அண்ணாந்து பார்த்துட்டாங்க. புள்ளைக்கு வயித்துவலின்னு ஓம வாட்டர் கொடுத்தனுப்பப் போறாங்க.

என்னது, சுப்ஜோன்க்திஃப் பாஸேயா? அடி சக்கை! தமிழ் எடுத்தா மார்க் போயிடும், பிரெஞ்சு எடுத்தா அள்ளிடலாம்னு ப்ளஸ் டூவுல உங்கப்பன் கணக்குப் போட்டான். நீயும் அள்ளிட்ட, இல்லேங்கல. இப்ப நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ்ல பி2 வரைக்கும் ஏறிப் போயிட்டு, இந்த ஒரு படியில கால் இடறி நிக்கிற.

சிரிக்காத. களத்துமேட்டுக் கிழவனுக்கு பிரெஞ்சு என்ன தெரியும்னுதானே? நான் காரைக்கால் பக்கத்து ஆளு ஆயி. எனக்குப் பதினோரு வயசுல, 1954 நவம்பர் ஒண்ணாந்தேதி, எங்க ஊர்ல பிரெஞ்சுக் கொடி மாறிச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி புதுச்சேரி பக்கத்துக் கீழூர்ல பிரதிநிதிங்க 178 பேர் கூடி ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க, எட்டு பேர் வேண்டாம்னாங்க. அந்த எட்டு பேர் அன்னிக்கு என்ன மூட்ல இருந்தாங்களோ. கொடி இறங்கிச்சு, எங்க வாத்தியார் கைப் பிரம்பு மட்டும் இறங்கல.

உங்க மயிலாப்பூருக்கு மட்டும் என்ன கொறைச்சல்? 1672-லயே சாந்தோம்ல பிரெஞ்சுக்காரன் வந்து குந்திக்கிட்டான். ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சு, 1674-ல மூட்டையைக் கட்டினான். 1746-ல திரும்ப வந்து சென்னைக் கோட்டையைப் பிடிச்சான். அடையாத்தங்கரையில ஆயிரம் பேரை வெச்சுக்கிட்டு, ஆற்காட்டு நவாபோட பத்தாயிரம் பேரை ஓட ஓட விரட்டினான். விரட்டி என்ன பிரயோஜனம், 1749-ல கோட்டையை இங்கிலீஷ்காரன்கிட்டயே ஒப்படைச்சுட்டுப் போயிட்டான். இல்லேன்னா இன்னிக்கு நீ இங்கிலீஷுக்கில்ல டியூஷன் போயிக்கிட்டிருப்ப!

சரி, நோட்டுக்கு வா. பண்றது ஒண்ணும் பிரமாதம் இல்ல, அரிசிமாவும் உளுந்துமாவும் கலக்குற மாதிரிதான். அவ்வார், எத்ர்னு துணைவினை ரெண்டுல ஒண்ணை எடுத்து சுப்ஜோன்க்திஃப் ப்ரெசான்ல, அதாவது நிகழ்காலத்துல போடு. பின்னாலயே வினையோட பார்த்திசிப் பாஸே, அதாவது முடிஞ்ச வடிவம். தீர்ந்துச்சு. அவ்வாருக்கு எ, எ, எ, எய்யோன், எய்யே, எ. எத்ருக்கு சுவா, சுவா, சுவா, சுவாய்யோன், சுவாய்யே, சுவா. எழுதறப்ப வால் மாறிக்கிட்டே இருக்கும், வாயில வர்றப்ப ஆறுல நாலு ஒரே சத்தம். எழுத்துக்கு அலங்காரம் பண்ணிட்டு அதைச் சொல்ல மாட்டேங்கறவன்கிட்ட நாம என்ன பேச முடியும்? 'கெ ஜெ ஃபினீ', நான் முடிச்சிருக்கறது. 'கெ த்யூ சுவா வெனூ', நீ வந்திருக்கறது.

எதுக்கு எ, எதுக்கு சுவான்னு பதினேழு வினையைப் பட்டியல் போட்டு நெட்டுரு பண்றியே, அதை முதல்ல கிழி. நீ தினம் ஏறுற 29சி பஸ்ஸை நெனைச்சுக்க. பெரம்பூர்லேர்ந்து வருது, பெசன்ட் நகர் போவுது. லஸ்ல ஒருத்தன் ஏறுறான், மந்தைவெளியில ஒருத்தி இறங்குறா. உள்ள நுழையறான், வெளியில வர்றான், கிளம்புறான், வந்து சேர்றான், பிரேக் போட்டா விழுறான், எழுந்திருக்க மனசில்லாம சீட்டுலயே தங்குறான். அத்தனைக்கும் எத்ர்தான், சுவாதான். கூட்ட நேரத்துல ஒரு புள்ள பொறந்தாலும் சுவா, நெரிசல்ல ஒருத்தன் செத்தாலும் சுவா. மத்ததெல்லாம், அந்த கண்டக்டர் டிக்கெட் கொடுக்கறது, சில்லறை கேக்கறது, திட்டறது, எல்லாம் அவ்வார்.

இதுல ஒரு கொக்கி இருக்கு. அதைச் சொல்லிக் கொடுக்க உனக்குத் தமிழ்தான் வேணும். பஸ்ல நீ ஏறினா சுவா. மூட்டையை ஏத்தினா? அதே மோந்தே வினைதான், ஆனா எத்ர் ஓடிப்போயி அவ்வார் வந்து குந்திக்கும். நீ இறங்கினா சுவா, பெட்டியை இறக்கினா எ. அவனுக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான், அதனால துணைவினையை மாத்தி மாத்திச் சமாளிக்கிறான். நம்மகிட்ட ஏறு, ஏத்து. இறங்கு, இறக்குன்னு வினையே ரெண்டா கெடக்கு. தன்வினை, பிறவினைன்னு எட்டாங்கிளாஸ் தமிழ் ஐயா கரடியா கத்தினாரு. நீ அன்னிக்கு ஜன்னல் பக்கம் காக்காய் எண்ணிக்கிட்டிருந்திருப்ப.

அதே மாதிரி 'கொள்'ளும். கழுவிக்கிட்டான், உக்காந்துக்கிட்டான், வாயை மூடிக்கிட்டான், இப்படித் தன்னைத் தானே பண்ணிக்கறதுக்கு அவன் முன்னால ஒரு 'செ' போடுவான். செ வந்தா கண்ணை மூடிக்கிட்டு சுவா போடு. அப்புறம் சுவா போட்டா ஆணா பொண்ணா, ஒருத்தரா பலபேரான்னு பார்த்து வெனூ பின்னால வால் ஒட்டணும். நீ வந்தேன்னா கடைசியில ஒரு 'இ' எழுத்து. காதுக்கு அது கேக்காது. பேப்பர் திருத்துறவங்களுக்கு மட்டும் பளிச்சுனு தெரியும்.

எங்க போடறதுங்கறதுலதான் நீ குழம்புற. உன் புஸ்தகத்துல மூணு பக்கத்துக்கு லிஸ்ட்டு. நான் ஒரே ஒரு எழுத்துல சொல்றேன். "பஸ் போயிடுச்சு." இது சேதி. இதுக்கு சுப்ஜோன்க்திஃப் கெடையாது. "பஸ் போயிடுச்சே!" அந்த ஏகாரத்துல உன் வயித்தெரிச்சல் இருக்கு பாரு, அங்கதான் அவன் சுப்ஜோன்க்திஃப் போடுறான். ஜெ சுயி த்ரிஸ்த் கெ லெ ப்யூஸ் சுவா பர்த்தீ. நடந்தது நடந்துடுச்சு, அதுமேல நீ சந்தோஷப்படுறியா, வருத்தப்படுறியா, பயப்படுறியா, சந்தேகப்படுறியா? அதான் கேள்வி. சாந்தோம் கிழவி ஒருத்தி 1674-ல என்ன சொல்லியிருப்பா? "விட்டது சனி, பிரெஞ்சுக்காரன் கிளம்பிட்டானே"ன்னு. ஜெ சுயி கோந்தாந்த் கெ லெ ஃபிரான்சே சுவா பர்த்தீ. கிழவிக்கு இலக்கணம் தெரியாது, ஏகாரம் தெரியும்.

ஆனா எஸ்பெரே, அதாவது நம்பிக்கை, அது வந்தா மட்டும் சுப்ஜோன்க்திஃப் போட்டுடாத. "நீ முடிச்சிட்டேன்னு நம்புறேன்"ங்கறதுக்கு ஜெஸ்பேர் கெ த்யூ ஆ ஃபினீதான். பிரெஞ்சுக்காரன் விசித்திரமான ஆளு ஆயி. நம்பிக்கை வெச்சா அதை நடந்ததாவே எழுதிக்குவான், கண்ணெதிரே நடந்ததைப் பார்த்து சந்தோஷப்பட்டா அதை சந்தேகக் கணக்குல வெப்பான். அப்ரே கெ, 'ஆனப்புறம்'ங்கறது, அதுக்குப் பின்னாலயும் வேண்டாம். பாரீஸ்காரனே அதுல வழுக்கி விழுறான், நீயும் விழுந்தா தொணைக்கு ஆள் உண்டு.

இப்ப ஒண்ணு கேக்கறேன். பாஸேன்னா இறந்தகாலம்தானே? ரொம்ப நிச்சயமா தலையை ஆட்டுற. உங்கம்மா நேத்து ராத்திரி என்ன சொன்னா? "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இதை முடிச்சிருக்கணும்"னா. மத்தியானம் இன்னும் வரல. நீயும் இன்னும் முடிக்கல. இருந்தாலும் 'முடிச்சு'ன்னு சொன்னாளா இல்லையா? அதான் இல் ஃபோ கெ த்யூ எ ஃபினீ அவான் மிதி. காலண்டர்ல அது நேத்தா நாளையான்னு இந்த வினைக்குக் கவலை இல்ல. பேசற வினைக்கு முன்னாடியே, இல்ல நீ வெச்ச கெடுவுக்கு முன்னாடியே, காரியம் முடிஞ்சுதாங்கறது மட்டும்தான் அதுக்குக் கணக்கு. நீ வரப்போறேன்னு சந்தோஷமா, கெ த்யூ வியென். நீ வந்துட்டேன்னு சந்தோஷமா, கெ த்யூ சுவா வெனூ.

இங்கேயே ஒரு குழியும் இருக்கு, பார்த்து நட. "நேத்தே முடிச்சிருக்கணும்"னு உங்கம்மா இன்னிக்கு சாயங்காலம் திட்டுவா பாரு, அதே சொல்லுதான், ஆனா அது இது இல்ல. அது முடிக்காம விட்டதுக்கு வசவு. அதுக்கு அவன்கிட்ட வேற பாத்திரம் இருக்கு, கோந்திசியோனெல்னு. நாளைக்குள்ள முடிச்சிருக்கணும்னா சுப்ஜோன்க்திஃப், நேத்தே முடிச்சிருக்கணும்னா அடி. உன்னை மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டாவதுதான் அடிக்கடி தேவைப்படும்.

இதுக்கே மூஞ்சியைத் தூக்கிக்கிற. எங்க வாத்தியார் காலத்துல முதல் வினை இறந்தகாலத்துல வந்தா உன்னோட இந்த பாஸேயெல்லாம் செல்லாது. துணைவினையை இம்பார்ஃபே சுப்ஜோன்க்திஃப்ல போடணும். கெ ஜெ ஃப்யூஸ், கெ த்யூ ஃப்யூஸ். கரண்டே வராத ஊர்ல உக்காந்து ஃப்யூஸ், ஃப்யூஸ்னு கத்தினோம் ஆயி! எதிர்வீட்டு சொல்தா ஒருத்தர், சைகோன் வரைக்கும் போயி சண்டை போட்டு பென்ஷனோட திரும்பினவரு, திண்ணையில சாய்ஞ்சுக்கிட்டு சிரிப்பாரு. "பதினஞ்சு வருஷம் அவனுங்களோடயே கஞ்சி குடிச்சேன், ஒருத்தன் வாயிலயும் இதைக் கேட்டதில்லடா தம்பி"ம்பாரு. இப்ப அது பழைய புஸ்தகத்துல தூங்குது. வாசிக்கத் தெரிஞ்சா போதும், வாயில வைக்க வேண்டாம்.

என்ன, தலையைக் குனிஞ்சுக்கிட்டு விறுவிறுன்னு எழுதுற? கொண்டா பார்ப்போம். ஜெ சுயி கோந்தாந்த் கெ மோன் கிரான்பேர் செ சுவா த்யூ. "தாத்தா வாயை மூடிக்கிட்டாரே, சந்தோஷம்." அடிக் கழுதை! கோந்தாந்த்ல பொண்ணுக்கு இ போட்டுட்ட. மூடிக்கிட்டாருன்னதும் செ போட்டு சுவாவும் போட்டுட்ட. த்யூவும் சரிதான். மீசையில்லாத கிழவன் நான், முறுக்கவும் வழியில்ல.

ஆனா ஒரு தப்பு இருக்கு. சுவா த்யூன்னா காரியம் முடிஞ்சிருக்கணும். நான் எங்க ஆயி இன்னும் வாயை மூடினேன்? அடிச்சுட்டு ப்ரெசான்ல எழுது, செ தேஸ்னு. எழுதிட்டு அந்த காபியை எடுத்துக்கிட்டு வா, அடுத்து வூல்வார் பத்திச் சொல்றேன்.