கண்டன்சருக்குக் கஞ்சி

அப்பாவின் வால்வு ரேடியோ எங்கள் பரணில் 30 வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயசில் அதைத் தொட்டாலே முதுகில் ஓர் அறை விழும். அப்பா இப்போது இல்லை, நானும் ரிடையர் ஆகிவிட்டேன். கை அரித்தது, இறக்கினேன்.

பின்பக்கத்தைக் கழற்றினால் அலுமினிய டப்பா மாதிரி இரண்டு எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள். 32 மைக்ரோஃபாரட், 350 வோல்ட். "ரிச்சி தெருவுல புதுசே கிடைக்குமே, வாங்கிண்டு வந்துடுங்கோளேன்" என்றாள் மனைவி. பழசையே பிழைக்க வைத்துக் காட்டுகிறேன் என்றேன். இதே வார்த்தையை முன்பு மிக்ஸியைப் பார்த்தும் குக்கரைப் பார்த்தும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது இரண்டுமே புதுசு.

விஷயம் இதுதான். உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் முடியைவிட மெல்லிசாக ஓர் ஆக்ஸைடு படலம் இருக்கிறது. மின்சாரத்துக்கு அதுதான் அணை. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அணை ஒழுக ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் முழு வோல்ட்டையும் விட்டால் சூடேறி, உள்ளே இருக்கிற திரவம் கொதித்து வெடிக்கும். ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் படலம் தானே வளர்ந்துகொள்ளும். பட்டினி கிடந்த வயிற்றுக்குக் கஞ்சி வார்ப்பது மாதிரி. (திரவமே காய்ந்துபோன கேஸுக்குக் கஞ்சியும் உதவாது.)

முதலாவதற்கு 300 வோல்ட் கஞ்சி வைத்தேன். காலையில் மீட்டர் 40 காட்டியது, மத்தியானம் 110, ராத்திரி 200. பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். "என் பிரசவத்துக்குக்கூட இப்படி உட்காரலையே!" என்றாள். மறுநாள் 285! சந்தோஷத்தில் ஒயரைக் கழற்றிவிட்டுத் தடவிக்கொடுத்தேன். கழற்றினாலும் சார்ஜ் உள்ளேயே நிற்கும், அதை வடித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் கழித்து அப்பாவிடம் மறுபடி ஓர் அறை வாங்கினேன்.

இரண்டாவதற்குப் பொறுமை போதவில்லை. மூன்று மணி நேரமாக மீட்டர் 90-ஐ விட்டு நகரவே இல்லை. போகிறது, பிரியாணியே போட்டுப் பார்ப்போம் என்று ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். முதலில் உஸ்ஸென்றது. அப்புறம் டமார்! டைனிங் டேபிளில் புளிக்க வைத்திருந்த தோசை மாவின் மேல் ஈரக் காகிதச் சுருள்கள் மிதந்தன. புகை போதாதென்று மீன் நாற்றம் வேறு. மூன்று தலைமுறையாகச் சைவம் சாப்பிடும் வீடு சார் இது!

அடுத்த ஃப்ளாட் மாமி ஜன்னலில் முகம் காட்டினாள். "என்ன மாமி, உங்காத்துல யாரானும் கருவாடு..." என்று இழுத்தாள்.

"அதெல்லாம் இல்லை மாமி. இன்னிக்கு எங்காத்துக்காரர் சமையல்."

மறுநாள் காலை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறினேன். திரும்பும்போது இரண்டு கண்டன்சர், ஒரு பாக்கெட் தோசை மாவு.