கட்டிலில் விழ ஆசைப்படுறவளுகளுக்கு

ஏ பிள்ளைகளா, அம்பது முடிஞ்சிருச்சா? ரொம்பச் சந்தோசம். எழுபது வயசுல கட்டில்ல விழுந்து, மருமக கையால கஞ்சி வாங்கிக் குடிக்கணும்னு ஆசை இருந்தா, இப்ப எப்படி இருக்கீகளோ அப்படியே இருங்க. தானா நடக்கும். அதுக்குன்னு தனியா விரதமோ நேத்திக்கடனோ வேண்டியதில்ல.

நான் கோவில்பட்டிக்குக் கெழக்க கரிசக்காட்டுல பொறந்து, கரிசக்காட்டுலயே வாக்கப்பட்டவ. எண்பதைத் தொடப்போறேன். கொடத்துத் தண்ணியை இன்னும் நான்தான் தூக்குதேன். உங்களப் பாத்தாச் சிரிப்பாணி தாங்கல, அதான் வாயத் தொறக்கேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கோங்க. ஆச்சி மேல கோவிச்சுக்கிட்டு எவளும் உருப்பட்டதில்ல.

மொதல்ல உங்க சாப்பாட்டுச் சமாச்சாரம். முந்தி வீட்டுக்கு ஒரு நாய் கெடக்கும், நாலு கோழி மேயும். மீந்தது பூராம் அதுகளுக்கு. இப்ப நாயும் இல்ல, கோழியும் இல்ல. அந்தச் சோலியை நீங்களே எடுத்துக்கிட்டீக. பேரன் பாதி கடிச்சுப் போட்ட தோசை, ராத்திரி மீந்த சோறு, அடிப்பிடிச்ச உப்புமா, எல்லாம் 'வீணாப் போயிருமே'ன்னு உங்க வயித்துக்குள்ள போகுது. முட்டை அவிச்சா மகனுக்கு ரெண்டு, வீட்டுக்காரருக்கு ரெண்டு, மருமக முழுகாம இருக்கா அவளுக்கு ஒண்ணு. உனக்கு என்னட்டி? முட்டை அவிச்ச தண்ணியா?

அம்பதுக்கு மேல தொடையிலயும் தோள்லயும் இருக்க தசை வருசா வருசம் குறையும். சோத்தை எவ்வளவு அமுக்குனாலும் அது இடுப்பைச் சுத்தித்தான் போய் உக்காரும். தசைக்குப் புரதம் வேணும். ஒடம்பு எடை கிலோவுக்கு ஒரு கிராம்னு கணக்கு வச்சுக்கோங்க. அறுபது கிலோ இருக்கவளுக்கு அறுபது கிராம். ஒரு முட்டையில ஆறு கிராம்தான் இருக்கு, மிச்சத்துக்குப் பாசிப்பயறு, கொண்டக்கடலை, மொச்சை, தயிரு, மீனுன்னு தேடணும். கிட்னியில கோளாறு இருக்கவ மட்டும் டாக்டர்ட்டக் கேட்டுட்டுத் தின்னணும். நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு குடுத்தாகளே, அதுக்குப் பெறகு அதையே புரதம்னு சொல்லி டப்பாவைக் காலி பண்ணுதாளுக. கடலை நல்லதுதான். கூட இருக்க வெல்லப்பாகு எங்க போகும்னு உங்க சுகர் ரிப்போர்ட்டு சொல்லும்.

அடுத்தது தீட்டு நின்னு போற விசயம். 'அப்பாடா, தொல்லை விட்டுச்சு'ங்கீக. வெள்ளைக்காரிக்கு அம்பத்தொண்ணு வாக்குல நிக்குதாம். நம்ம நாட்டுல 46, 47லயே நின்னுருது. நமக்கு எல்லாத்துலயும் அவசரம். அது நிக்கையில, ஈஸ்ட்ரோஜன்னு உள்ள சொரந்துகிட்டு இருந்ததும் வத்திப்போகும். இத்தனை வருசமா எலும்பையும் நெஞ்சையும் காவந்து பண்ணுனது அதுதான். காவல்காரன் போனதும் மொதல் அஞ்சாறு வருசம் எலும்பு மடமடன்னு தேயுது. கரையான் அரிச்ச உத்தரம் மாதிரி வெளிய ஒண்ணும் தெரியாது. நமக்குக் கேக்கது ஒரே சத்தம்தான்: பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடியுற சத்தம்.

தீட்டு நின்னவளுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேணும்னு கணக்குச் சொல்லுதாக. ஒரு டம்ளர் பால்ல 240 வரும். நூறு கிராம் கேப்பையில 350 பக்கம் இருக்கு. அதே நூறு கிராம் எள்ளுல ஆயிரத்தைத் தாண்டும், ஆனா நூறு கிராம் எள்ளை எவளும் திங்க முடியாது, துவையல்ல ரெண்டு கரண்டி போதும். எங்க தெருவுல ஒருத்தி, கம்பளிப்பூச்சி வருதுன்னு வாசல்ல நின்ன முருங்கையை வெட்டிட்டு, மறுவாரமே மெடிக்கல்ல கால்சியம் மாத்திரை வாங்கிட்டுப் போறா. மாத்திரைக்குக் கம்பளிப்பூச்சி வராதாம்.

வெயிலுக்குப் பஞ்சமான ஊரா இது? ஆனா டாக்டர் சோதிச்சுப் பாத்தா விட்டமின் டி இல்லங்காரு. காலையில ஆறு மணி இளவெயில்ல நடந்துட்டு, வேண்டிய மட்டும் ஏறியிருச்சுன்னு நெனைக்காளுக. அந்த வெயில்ல அது கெடைக்காது. பத்து மணிக்கு மேல மூணு மணிக்குள்ள வத்தல் காயப்போட மாடிக்குப் போவீகள்ல, அப்ப வத்தலோட வத்தலா கையையும் காலையும் செத்த நேரம் காட்டிட்டு வாங்க. கருத்துப் போவோம்னு பயமா? இந்த வயசுல உங்களப் பொண்ணு பாக்க எவன் வரப்போறான்?

இனி முட்டு. தீப்பெட்டி ஆபீஸ்ல வருசக்கணக்காச் சம்மணம் போட்டுக் கட்டை அடுக்குனவளுக்கு முட்டு வலிக்கத்தான் செய்யும், அதுல தப்பில்ல. தப்பு மெடிக்கல்ல நடக்கு. 'முட்டு வலிக்கு ஒரு செட்டு குடுங்க தம்பி'ங்கீக. அவனும் மூணு கலர்ல நாலு மாத்திரையைக் காயிதத்துல மடிச்சுக் குடுக்கான். போட்டதும் வலி நிக்கும். வருசக்கணக்காப் போட்டா கிட்னியும் நிக்கும். வலி மாத்திரை பிரஷரையும் ஏத்தும். செட்டுக்குள்ள ஸ்டீராய்டு கெடந்தா, ஏற்கெனவே தேயுற எலும்பு இன்னும் வெரசாத் தேயும். சீட்டு இல்லாமக் குடுக்கிறவன் தம்பியும் இல்ல, அண்ணனும் இல்ல.

முட்டுக்கு மருந்து முட்டுக்கு மேல, தொடையில இருக்கு. தொடைச் சதை கெட்டியா இருந்தா முட்டு தாங்கும். ஒரு கிலோ எடை குறைஞ்சா, எட்டு வைக்கையில ஒவ்வொரு முட்டுக்கும் நாலு கிலோ பாரம் குறையுதுன்னு அளந்து பாத்துச் சொல்லியிருக்காக. சாயங்காலத்துலருந்து ராத்திரி வரைக்கும் சீரியல் பாக்கீகள்ல? நான் அதைத் தடுக்க மாட்டேன், மாமியாக்காரி விசத்தைக் கலந்தாளா இல்லையான்னு எனக்கும் தெரியணும். ஆனா வெளம்பரம் வருதுல்ல, அப்ப நாற்காலியில உக்காந்தபடியே ஒரு காலை நேரா நீட்டி, பத்து எண்ணி எறக்குங்க. பெறகு மத்த காலு. அடுத்த வெளம்பரத்துல கையை ஊணாம எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருங்க. ஒரு சீரியலுக்கு இருக்க வெளம்பரத்துக்கு மாசத்துல தொடை உருண்டிரும். சாமி கும்பிடையில செவரைத் தொட்டுக்கிட்டு ஒத்தக் காலுல நின்னு பழகுங்க. பாக்கிறவுக தவம்னு நெனைச்சுக்கிடட்டும். கீழ விழாம இருக்க அதுதான் பயிற்சி.

வாரத்துக்கு 150 நிமிசம் நடக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நடக்கையில பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். நீங்க நாலு பேராச் சேந்து கண்மாய்க் கரையில போறதைப் பாத்தேன். அஞ்சு வீட்டுக் கதை முடியுது, அரைப் பர்லாங்கு முடியல. அது நடை இல்லட்டி, பஞ்சாயத்துக் கூட்டம்.

கிட்ட வாங்க, இதை மெதுவாச் சொல்லுதேன். தும்முனா ரெண்டு சொட்டு, இருமுனா ரெண்டு சொட்டு, சிரிச்சாச் சேலை நனையுது. உண்டுமா இல்லையா? இதுக்குப் பயந்து சிரிக்கதையே விட்டவளுக இருக்காளுக. மருமக வந்த நேரம் அத்தை மொகத்துல சிரிப்பு போச்சுன்னு ஊரு பேசுது, பாவம் அந்தப் பிள்ளை என்ன செய்வா? வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகணும்னா முந்தின நாளே தண்ணி குடிக்கதை நிறுத்துதீக. பெறகு நீர்க்கடுப்பு வந்து அது ஒரு கூத்து. இதுக்கு ஒரு பயிற்சி இருக்கு. கெகல்னு ஒரு அமெரிக்க டாக்டரு 1948லயே எழுதி வச்சுட்டாரு. மூத்திரத்தை அடக்கையில எந்தச் சதையை இறுக்குவீகளோ அதை இறுக்கி, அஞ்சு எண்ணி விடணும். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூணு தடவை. மூத்திரம் போகையில செய்யக் கூடாது, சும்மா உக்காந்திருக்கையில செய்யணும். பஸ்ல செய்யலாம், பந்தியில செய்யலாம், நாத்தனா பேசிக்கிட்டு இருக்கையில செய்யலாம், எவளுக்கும் தெரியாது. மூணு மாசம் பொறுங்க. அதுக்கும் கேக்கலன்னாலோ, அடி எறங்கிக் கையில தட்டுப்பட்டாலோ, டாக்டரம்மாட்டப் போகணும். போனதுமே கர்ப்பப்பையை எடுத்துருவாகன்னு பயந்து ஒளிச்சு வைக்காதீக. எடுக்காமலே வளையம் வைக்கிற வைத்தியமும் இருக்கு.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்ல. தீட்டு நின்னு ஒரு வருசம் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், 'சூடு'ன்னு வெந்தயத்தை முழுங்கிட்டுக் கெடக்காதீக. அன்னைக்கே டாக்டரம்மாட்டப் போங்க, புத்துநோயாவும் இருக்கலாம். கர்ப்பப்பை வாய்க்கும் மாருக்கும் புத்துநோய் இருக்கான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முப்பது வயசு தாண்டுனவளுக்கெல்லாம் காசில்லாமப் பாக்காக. நாலு பிள்ளை பெத்தவ, நர்சுகிட்டக் கூச்சப்படுதா. கூச்சத்துக்கும் ஒரு வயசு வரம்பு வேண்டாமா?

நெஞ்சு வலிக்கு வாரேன். வீட்டுக்காரருக்கு நெஞ்சை அடைச்சா ஆட்டோ வருது. உனக்கு நெஞ்சை அடைச்சா ஓமத்தண்ணி வருது. அதையும் நீயே காய்ச்சணும். பொம்பளைக்கு என்ன வந்தாலும் அதுக்கு 'வாயு'ன்னு ஒரே பேருதான் வச்சிருக்கோம். தீட்டு நிக்க வரைக்கும் நெஞ்சுக்கு ஒரு காவல் இருந்துச்சுன்னு சொன்னேன்ல, இப்ப அது இல்ல. ஆம்பளைக்கு வாரதுகணக்கா நெஞ்சு நடுவுல அமுக்குற வலியாவும் வரலாம். இல்லன்னா மூச்சு வாங்குறது, தாடையில, முதுகுல, தோள்ல வலி, காரணமில்லாம அசதி, குப்புன்னு வேர்வை, குமட்டல்னும் வரலாம். வந்தா 108க்குப் போன் அடிங்க. வாயுவா இருந்தா டாக்டரு திட்டப் போறாரு, திட்டட்டும். திட்டு வாங்குனா உசுரு போகாது.

பிரஷர் 140க்கு 90ஐத் தொட்டாலோ, வெறும் வயித்துச் சுகர் 126ஐத் தொட்டாலோ, அதை நாம பாத்துக்கிடணும். இதுக்குன்னு கவர்மெண்டே 2021 ஆகஸ்டுல 'மக்களைத் தேடி மருத்துவம்'னு ஆரம்பிச்சு, சுகாதாரத்துறைப் பிள்ளைக வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரையும் குடுக்குதுக. அந்தப் பிள்ளை வாசல்ல வந்து நின்னா நீ என்ன சொல்லுத? 'எனக்கு ஒண்ணுமில்ல தாயி, அவருக்குப் பாரு.' அவருக்குப் பாத்து, உன் கொழுந்தனுக்குப் பாத்து, திண்ணையில கெடந்த எதிர்வீட்டுக் கெழவனுக்கும் பாத்துட்டு அந்தப் பிள்ளை போயிருது. உப்பு நாளைக்கு அஞ்சு கிராம், ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்த அஞ்சுக்குள்ள அடங்கணும்.

கண்ணும் பல்லும் வருசத்துக்கு ஒருக்கா. அரிசியில கல்லு தெரியலன்னா புரை விழுந்திருக்கலாம், எடுத்துக்கிடலாம். கண்ணுன்னதும் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர் ஒருத்தர் ஞாபகம் வருது, டாக்டர் வெங்கடசாமி. மூட்டுவாதத்துல அவரு வெரல் பூராம் கோணிப் போயிருச்சு. அந்தக் கையை வச்சுக்கிட்டே ஆபரேசன் பண்ணப் பழகி, 58 வயசுல சர்க்கார் வேலையில ரிட்டயர் ஆகி, 1976ல மதுரையில பதினொரு கட்டில் போட்டு அரவிந்த் கண் ஆசுபத்திரியை ஆரம்பிச்சாரு. அவரு மட்டுமா? மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் நூறைத் தாண்டியும் தோட்டத்துல நின்னு வெவசாயம் பாத்தவ, அவளுக்கு 2021ல பத்மஸ்ரீ குடுத்தாக. நீ 52 வயசுல 'இனி எனக்கு என்ன இருக்கு'ன்னு கொட்டாவி விடுத. முப்பது வருசம் இருக்கலாம்ட்டி. எப்படி இருக்கப் போறன்னுதான் கேள்வி.

கடைசியாக் காசு. ஒடம்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீக, கையில காசில்லாதவளுக்கு மருந்து கடைசியாத்தான் வரும். கவர்மெண்டு மாசம் ஆயிரம் ரூவா கலைஞர் மகளிர் உரிமைத்தொகை குடுக்குதே, அதைப் பேரன் செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ணதுக்குன்னு கலைஞர் பேரு வைக்கல. வீட்டையும் காட்டையும் உசுரோட இருக்கையிலயே மகனுக்கு எழுதிக் குடுக்கணும்னு துடிக்கீக. மகன் நல்லவன்தான். பத்திரமும் நல்லதா இருக்கட்டும். கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்தணும்னு பத்திரத்துலயே நிபந்தனை எழுதுங்க. எழுதியிருந்து அவன் கைவிட்டா, 2007ஆம் வருசச் சட்டப்படி ஆர்.டி.ஓ.கிட்ட மனுக் குடுத்து, எழுதிக் குடுத்ததை ரத்துப் பண்ணக் கேக்கலாம். பெத்த பிள்ளை மேல மனுவான்னு மூக்கைச் சிந்தாதீக. நிபந்தனை இருக்குன்னு தெரிஞ்சாலே பாதி மகன்மாரு நல்லவனுகளாத்தான் இருப்பானுக.

சரி, எனக்குத் தண்ணி லாரி வார நேரமாச்சு. நாளைக்குக் காலையில பச்சத்தண்ணி மட்டும் குடிச்சுட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. சுகரும் பிரஷரும் பாத்து, நர்சம்மாட்ட மத்த சோதனையும் கேளுங்க. டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் கெடையாது, செலவுன்னு சாக்குச் சொல்ல முடியாது. வீட்டுக்காரரை மட்டும் கூட்டிட்டுப் போகாதீக. அவருக்குப் பாத்துட்டு வந்திருவீக.