மண்ணீரல் எடுத்தவர் பெங்களூரில் கிருமிக்கு விருந்து வைப்பது எப்படி?

முதல் வேலை, டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைப்பது. ஹெப்பால் மேம்பாலத்தில் பைக்கோடு விழுந்து மண்ணீரல் கிழிந்ததோ, தட்டணுக்கள் குறைகின்றன என்று எடுத்தார்களோ, அந்தத் தாளின் அடியில் 'தடுப்பூசி' என்று ஒரு வரி இருக்கும். ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைக்கும்போது ஃபைலோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள்.

நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகியவை மேலே ஓர் உறை போர்த்திக்கொண்டு ரத்தத்தில் திரியும் கிருமிகள். இவற்றைப் பிடித்து வடிகட்டியது இடது விலாவுக்குள் இருந்த அந்த 150 கிராம் உறுப்புதான். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 2 வாரம் முன்பே, அவசரத்தில் எடுத்தால் 2 வாரம் கழித்து ஊசி போடுவார்கள். ஃப்ளூவுக்கு வருஷா வருஷம். "நான் என்ன கைக்குழந்தையா?" என்று கேட்டுவிட்டு நெல்லிக்காய் ஜூஸ் குடியுங்கள். ஊசிக்கு ஆகும் சில ஆயிரத்தை இந்திராநகரில் ஒரே சனிக்கிழமை இரவில் செலவழித்துவிடலாம்.

யாராவது எச்சரித்தால், "சிதறின துணுக்கு உள்ளேயே வளர்ந்துடும்" என்று சொல்லுங்கள். பாதி உண்மை. விபத்தில் சிதறிய துணுக்குகள் வயிற்றில் ஒட்டி வளர்வது உண்டு; கூடவே காவலும் வளரும் என்று எந்த டாக்டரும் கையெழுத்துப் போடமாட்டார். இதனால்தான் இப்போதெல்லாம் சர்ஜன்கள் கிழிந்த மண்ணீரலைச் சட்டென்று எடுப்பதில்லை. பிரஷர் நிலையாக இருந்தால் ஸ்கேன் எடுத்து, ஐசியூவில் வைத்துக் கவனிப்பார்கள். தேவைப்பட்டால் ரத்தக் குழாயை மட்டும் அடைப்பார்கள். அப்போது "ஆபரேஷனே பண்ணாம எதுக்கு சார் பில்லு?" என்று சண்டை பிடிக்க மறக்காதீர்கள்.

இனி முக்கியமான பாடம், காய்ச்சல். ராத்திரி பத்து மணிக்கு உடம்பு தூக்கிப்போடும், தெர்மாமீட்டர் 102 காட்டும். "மழைல நனைஞ்சே இல்ல, அதான்" என்பார் மல்லேஸ்வரம் அத்தை. இந்த ஊர்க் கம்பெனியின் டோலோ 650 ஒன்று போட்டுப் படுங்கள். சூடு இறங்கும், கிருமி இறங்காது. காலை மீட்டிங்கை முடித்துவிட்டு மதியம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஃப்ளூ போலத் தொடங்கும் இந்தத் தொற்று ஒரே நாளில் பிரஷரைக் கவிழ்த்துவிடும்; வந்தவர்களில் பாதிப் பேர் வரை பிழைப்பதில்லை. மண்ணீரல் எடுத்த கைக்குழந்தைகள் இப்படி விழுவதை கிங், ஷூமேக்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1952லேயே எழுதிவிட்டார்கள். எழுபது வருஷம் ஆகியும் வாசலில் வழியனுப்பும்போது நம்மிடம் சொல்வது, "காரம் குறைச்சுக்கோங்க."

ஊசி எல்லாம் போட்டும் நம்பாத பயந்தாங்கொள்ளிகள் சிலர் உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கைக் கைப்பையிலேயே வைத்திருந்து, காய்ச்சல் கண்டதும் முதல் வேளையை விழுங்கிவிட்டுக் கேஷுவால்டிக்கு ஓடுவார்கள். வாயைத் திறந்ததும் "எனக்கு மண்ணீரல் இல்லை" என்பார்கள். நீங்கள் இன்சூரன்ஸ் கார்டு, மாப்பிள்ளையின் கம்பெனி, சில்க் போர்டு டிராஃபிக் எல்லாம் சொல்லி முடித்து, நினைவிருந்தால் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து கேபிலிருந்து இறங்கும்போது தெருமுனை நாய் கடித்தால், வெறிநாய்க்கடி ஊசியோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அதன் எச்சிலில் கேப்னோசைட்டோஃபாகா என்று இன்னொன்றும் உண்டு. அது மற்றவரைப் பெரும்பாலும் விட்டுவிடும், உங்களை விடாது. மண்ணீரல் இல்லை என்று தெரிந்தால் அதற்குத் தனியாக ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். தெரிய விடாதீர்கள்.

கடைசியாக மலேரியா. தேங்கும் தண்ணீரை ஒழித்தால் கொசு குறையும் என்று ரொனால்ட் ராஸ் கவனித்தது 1883இல், இதே பெங்களூரில் ராணுவ மருத்துவராக இருந்தபோது. மண்ணீரல் இல்லாதவரை மலேரியா முரட்டுத்தனமாகப் பிடிக்கும். அது உள்ள ஊருக்கு லாங் வீக்கெண்ட் போனால், கிளம்புமுன் டாக்டரிடம் தடுப்பு மாத்திரை கேட்கலாம். கொசுவலையும் எடுத்துப் போகலாம். ஆனால் பையில் புளூடூத் ஸ்பீக்கர் வைத்த பிறகு இடம் ஏது?